மூன்று விநாடிக்குள் வந்த பதில்

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நூறு இங்கிலீஷ் வாக்கியங்களையும் நேற்று ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். "ஓய்வில இருந்தாலும் எங்கட பாடத்த ஒருக்காப் பாருங்க டீச்சர்" என்று, என் வகுப்பை இப்போது நடத்தும் நீங்கள் மூன்று பேரும் குரல்பதிவு அனுப்பியிருந்தீர்கள். பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல்களுக்கு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் என்றால் பின்வரிசை வாங்கில் ஒளிந்தவர்கள். அவர்கள் காலை வணக்கம் சொல்லவும், துவாய் வேண்டுமா என்று கேட்கவும், தேநீரா கோப்பியா என்று விசாரிக்கவும் இந்த நூறும் தாராளமாகக் காணும். போதாததற்குப் படமும் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வாய்த்தது ஒரு வெள்ளைப் பலகையும் என் தொண்டையும்தான்.

ஆனால் வாசித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஒருமுறை பார்த்தேன். நூறு வாக்கியமும் சிரித்த முகத்தோடு இருக்கின்றன. நூறும் விருந்தினரைச் சந்தோசப்படுத்துகின்றன. என்னுடைய பட்டியலும் இப்படித்தான் இருந்தது. அதனால் ஒரு பிள்ளையின் உயிர் போகப் பார்த்தது, ஒரு மனிதரின் வேலையும் போகப் பார்த்தது. பிரியாவிடைக் கூட்டத்தில் என்னைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசியதால் இதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் படிப்பித்தவள். என் இங்கிலீஷைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை வெட்டிவிடுவார்கள். ஹோட்டலில் ஊழியர்களுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்கும் வேலை கிடைத்தபோது முகாமையாளர் என்னிடம் ஒரே ஒரு முறைப்பாட்டைத்தான் சொன்னார். விருந்தினர் எதையாவது கேட்டால் எங்கள் ஆட்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களாம். பதில் வர வேண்டும், உடனே வர வேண்டும் என்றார்.

அவர் வெளிநாட்டுக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதற்கும் அவசரம். எனக்கும் அவசரம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கென்று முன்பு வாங்கி வைத்திருந்த ஸ்டொப்வாட்சைக் கொண்டுபோனேன். நான் கேள்வி கேட்பேன், மூன்று விநாடிக்குள் பதில் வர வேண்டும். வராதவர் அடுத்த சுற்றுவரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். நாற்பது வயது தாண்டிய ஆண்களும் பெண்களும், கல்யாணம் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் உள்ளவர்களும் ஊழியர் சாப்பாட்டு மண்டபத்தில் எழும்பி நின்று நெளிவார்கள். எனக்கு அது பகிடியாகவே இருந்தது. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நின்று களைத்தவர்கள் கெஞ்சினார்கள். "ஒண்டும் விளங்காட்டி என்ன செய்யிற டீச்சர்?" என்று சலவைப் பகுதியில் வேலை செய்த ஓர் அம்மா கேட்டார். "எதுவும் வராட்டி 'யெஸ் மேடம், நோ ப்ரொப்ளம்' எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டு வாங்க" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் ஹோட்டல் முழுக்கப் பரவியது. இரண்டு மாதத்துக்குள் நீச்சல் தடாகத்திலும் தோட்டத்திலும் படிக்கட்டிலும் எங்கு திரும்பினாலும் "நோ ப்ரொப்ளம்" கேட்டது. நிலத்தைப் பார்த்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். முகாமையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

பேரின்பம் அந்த வகுப்பில்தான் இருந்தார். செங்கலடிக்கு மேற்கே ஆற்றுக்கு அப்பால் ஊர். வயது நாற்பத்து மூன்று. பிறருடைய வயல்வட்டையில் வேளாண்மை செய்தவர். அடுத்தடுத்து இரண்டு போகம் வெள்ளத்தில் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டு வெயிட்டர் வேலைக்கு வந்தார். மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவள் வந்தாறுமூலையில் கம்பஸில் படிக்கிறாள். வேலைக்கு வந்து நான்கு மாதம். ஆறு மாதம் முறைப்பாடு இல்லாமல் ஓடினால் நிரந்தரம், ஒரு முறைப்பாடு வந்தால் வீட்டுக்கு. அதுதான் அங்கே சட்டம், எல்லோருக்கும் தெரியும்.

சவர்க்காரப் பெட்டி மட்டையைக் கிழித்து, அதில் என் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பஸ்ஸில் வரும்போது பாடமாக்குவார். வகுப்பில் அதிகம் நின்றவரும் அவர்தான். நிற்கும்போது அவர் காது மடல் இரண்டும் சிவந்துவிடும்.

அன்றைக்குப் பதினொரு மணி வகுப்பு. காலைச் சாப்பாட்டு வேலை முடிந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். அன்று காலையில் விருந்தினரோடு பேசிய ஒரு பேச்சை ஒவ்வொருவரும் எழும்பி நடித்துக் காட்ட வேண்டும், இரண்டு பேரின் பங்கையும். பேரின்பம் அன்றைக்குத் தானாகவே கையைத் தூக்கினார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை.

"இண்டைக்கு எனக்கு நல்லா வாச்சிட்டு டீச்சர், கேளுங்களன்" என்றார்.

வாவியில் படகுச் சவாரி போவதற்காக ஒரு குடும்பம் காலையிலேயே வேனில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டிருந்தது. தாய், தகப்பன், எட்டு வயதுப் பையன். அவர்களுக்கான பகல் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டது பேரின்பம். தாய் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு நீளமாக ஏதோ கேட்டாராம். பேரின்பம் அந்தப் பெண்ணைப் போலவே தலையைச் சாய்த்து, பெட்டியைத் தட்டுவதுபோல் காற்றில் தட்டி, "மை சன்... சன்... நட்ஸ்... ஹாஸ்பிட்டல்... ஓகே?" என்று நடித்தார். இடையில் பிடிபடாத சொற்களுக்கு 'ங்ங்' என்று ஒரு சத்தம் வைத்தார். பிறகு நிமிர்ந்து நின்று, ஒரு கையை நெஞ்சில் வைத்து, "யெஸ் மேடம், நோ ப்ரொப்ளம்!" என்றார்.

"மூண்டு விநாடியும் போகல்ல டீச்சர். உடன சொல்லிப்போட்டன்."

வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டியது மட்டுமா, பலகையில் அவர் பெயருக்கு நேரே பத்துக்குப் பத்து என்று எழுதினேன். அடுத்த ஆளைக் கூப்பிட வாயைத் திறந்த பிறகுதான், அந்த 'ஹாஸ்பிட்டல்' என்ற சொல் எனக்குள் எங்கேயோ இடித்தது.

"பேரின்பம், அவ ஏன் ஆசுபத்திரியப் பற்றிக் கேட்டவ?"

"போற வழியில ஆசுபத்திரி இரிக்கா எண்டு கேக்கிறாவாக்கும் எண்டு நினைச்சன் டீச்சர். மட்டக்களப்பில பெரிய ஆசுபத்திரி இரிக்குத்தானே?"

"பெட்டியத் தட்டிக் காட்டியா கேட்டவ?"

"ஓம், பெட்டியத் தட்டித்தான்."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினேன். பேரின்பம் காரணம் தெரியாமலே பின்னால் ஓடி வந்தார். அந்தப் பெட்டிகளில் என்ன வைத்தீர்கள் என்று செஃப்பிடம் கேட்டேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல், மஞ்சள் சோறும் கோழியும் என்றார். சோற்றில் கஜு, முந்திரிப் பருப்பு, போட்டதா என்று கேட்டேன்.

"மஞ்சள் சோத்துக்குக் கஜு போடாமப் பின்ன என்னத்தப் போடுற? கைநிறைய அள்ளித்தான் போட்டிரிக்கு" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் பேரின்பத்துக்கு விசயத்தைச் சொன்னேன். 'நட்ஸ்' என்றால் கஜு, கச்சான் கடலை மாதிரியானவை, அவை சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், ஆள் போய்விடும். அந்தத் தாய் அதைத்தான் கேட்டிருக்கிறாள். இந்தப் பெட்டியில் அது இல்லைத்தானே, சாப்பிட்டால் என் மகன் ஆசுபத்திரிக்குப் போக வேண்டி வரும் என்று கேட்டிருக்கிறாள். பேரின்பம் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குந்திவிட்டார்.

வேன் சாரதியை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். மூன்றாம் முறை எடுத்தார். தேத்தண்ணி குடிக்கக் கடைக்குள் போயிருந்தாராம். அவர்கள் படகில் ஏறிக் கால் மணித்தியாலம் ஆகிவிட்டது, பெட்டிகளையும் கொண்டுதான் போனார்கள் என்றார். படகுக்காரரின் இலக்கத்தை வாங்கி அழைத்தேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலும். ஐந்து முறை அழைத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த மணிச்சத்தம் என் காதுக்குள் முடியாமல் நீண்டது. ரிசெப்ஷனில் அந்தக் குடும்பத்தின் இலக்கம் இருந்தது, அது வெளிநாட்டு இலக்கம், நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

ஆறாவது முறை படகுக்காரர் எடுத்தார். வயதான குரல். எஞ்சினுக்கு மேலால் கத்தினார். "ஆரு? சத்தமாச் சொல்லுங்க!"

"அண்ணன், ஹோட்டல்ல இருந்து கதைக்கிறன். அந்தச் சின்னப் பிள்ளைக்கு, அந்தச் சாப்பாட்டுப் பெட்டி..." என்று தொடங்கினேன். பிள்ளை அதைச் சாப்பிட்டால் மூச்சு நின்றுவிடும் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். எதை முதலில் சொன்னேன், எதைப் பிறகு சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. தொலைபேசியைத் தாயிடம் கொடுக்கச் சொல்ல வாயெடுத்தபோது இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் தொடர்பே இல்லை. அவர் எவ்வளவைக் கேட்டார், கேட்டாரா இல்லையா, ஒன்றும் தெரியாது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. அந்த இடத்திலேயே நான் முகாமையாளரிடம் ஓடியிருக்க வேண்டும். அவர் வைத்தியசாலைக்குச் சொல்லி ஏற்பாடு செய்திருப்பார். நான் போகவில்லை. பேரின்பம் குந்தியிருந்த இடத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்து, "மனேஜருக்குச் சொல்லாதீங்க டீச்சர். படகுக்காரர் சொல்லிப்போடுவார். கொஞ்சம் பாப்பம். எனக்கு இன்னும் ரெண்டே ரெண்டு மாசம்தான்" என்றார். நான் நின்றேன். அவருக்காக நின்றேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பாதிதான் உண்மை. பலகையில் இன்னும் அழிக்காமல் கிடந்த அந்தப் பத்துக்குப் பத்தும் எனக்கு நினைவில் இருந்தது. அந்த வாக்கியத்தை இவருக்குக் கொடுத்தது யார் என்று முகாமையாளர் கேட்பாரே என்ற பயமும் இருந்தது. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் பத்து நிமிடம் நின்றேன். ஒரு பிள்ளை சாகக் கிடக்கலாம் என்று தெரிந்துகொண்டே பத்து நிமிடம் நின்றேன்.

பதினொன்றாவது நிமிடத்தில் என்ன வந்து என்னைத் தள்ளியது என்று தெரியாது. செஃப் மஞ்சள் சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்து கிளறினார், அந்த வாசம் வந்தது. ஓடிப்போய் முகாமையாளரின் கதவைத் தள்ளித் திறந்தேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, உடனே தொலைபேசியை எடுத்தார். வைத்தியசாலைக்கு, சாரதிக்கு, மறுபடி வைத்தியசாலைக்கு என்று அழைத்துக்கொண்டே இருந்தார். நானும் பேரின்பமும் அவருடைய கதவடியில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். பேரின்பம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அம்மாளாச்சியைக் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். நானும் எனக்குத் தெரிந்த செபங்களையெல்லாம் பாதி பாதியாகச் சொன்னேன். எதுவும் முழுதாக வரவில்லை.

படகில் நடந்ததைப் பிறகு சாரதி சொல்லித்தான் தெரியும். அந்தப் படகுக்காரரை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை, பெயரும் தெரியாது. அவருக்கு ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாது. பட்டியல், ஸ்டொப்வாட்ச் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. நான் சொன்னதில் 'பிள்ளை', 'சாப்பாட்டுப் பெட்டி', 'மூச்சு' என்ற மூன்றும் என் குரலில் இருந்த பதற்றமும்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. திரும்பிப் பார்த்தால் பையன் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனுசன் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரே எட்டில் வந்து, பையனின் கையிலிருந்த பெட்டியைப் பறித்து வாவிக்குள் வீசினார். தகப்பன் எழும்பி அவருடைய சட்டையைப் பிடித்தார். படகு ஒரு பக்கம் சரிந்தது. அவர் அசையவில்லையாம். அடுத்த பெட்டியைத் திறந்து ஒரு பிடி சோற்றை எடுத்துத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினார். எது கெட்டது என்று அவருக்கே தெரியாது, பாருங்கள். சோற்றைக் காட்டினார், பையனைக் காட்டினார், தன்னுடைய தொண்டையைப் பிடித்துக் காட்டினார், தொலைபேசியைக் காட்டினார். சோற்றுக்குள் கிடந்த கஜுவைத் தாய் கண்டாள்.

பையன் இரண்டு கரண்டி சாப்பிட்டிருந்தான். உதடு வீங்கத் தொடங்கியிருந்தது. தாயின் பையில் அதற்கென்று வைத்திருக்கும் ஊசி இருந்தது, அதைத் தொடையில் போட்டாள். படகுக்காரர் படகை விரட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார். வேன் தயாராக நின்றது, வைத்தியசாலையில் ஆட்களும் தயாராக நின்றார்கள். பின்னேரம்வரை வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்பினார்கள். பிள்ளை தப்பிவிட்டான் என்ற முதல் செய்தி வந்தபோது நான் முகாமையாளரின் அறைக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பத்து நிமிடத்தால் எதுவும் நடக்காமல் போனது என் அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

அடுத்த நாள் காலையில் விசாரணை. முகாமையாளர், பிள்ளையின் தாய், பேரின்பம், மொழிபெயர்க்க நான். பேரின்பம் கழுவி இஸ்திரிப்பெட்டி போட்டு மினுக்கிய சட்டையில் வந்திருந்தார். மூத்த மகள் விடியவே எழும்பி மினுக்கிக் கொடுத்தாளாம். அவருடைய காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

தாய் சொன்னது உங்களுக்கு விளங்கியதா என்று முகாமையாளர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

பேரின்பம் என்னையே பார்த்தார். "இல்ல டீச்சர். ஒண்டும் விளங்கல்ல. விளங்கல்ல எண்டு சொல்ல வெக்கமாப் போயிட்டு. பெரிய மனிசன் நான், முன்னால சின்னப் பிள்ளையும் நிண்டுது" என்றார்.

இதை இங்கிலீஷில் கொஞ்சம் மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியும். அவர் தவறாகப் புரிந்துகொண்டார், சத்தமாக இருந்தது, என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். முதல்நாள் குசினி வாசலில் நின்ற பத்து நிமிடம் என்னை அப்படிச் செய்ய விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு என் கதையையும் சொன்னேன். மூன்று விநாடி, ஸ்டொப்வாட்ச், நின்றுகொண்டே இருக்கும் தண்டனை, விளங்காவிட்டால் சொல்லு என்று நான் கொடுத்த வாக்கியம் எல்லாவற்றையும் சொன்னேன்.

தாய் கத்துவாள் என்று எதிர்பார்த்து நான் தோள்களைக் குறுக்கிக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவள் மெதுவாகச் சொன்னாள். "அவருக்கு விளங்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. முகத்தில் தெரிந்தது. திரும்பக் கேட்டால் அவர் சங்கடப்படுவாரோ என்று நினைத்தேன். வேனும் காத்துக்கொண்டு நின்றது. அவர் சரி என்று சொல்லிவிட்டார்தானே என்று போய்விட்டேன்." சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் பேரின்பத்துக்கு இதைத் தமிழில் சொன்னேன். அவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் பழக்கமில்லாமல் தடுமாறித் திருப்பிக் கும்பிட்டாள்.

அவள் போன பிறகு முகாமையாளருக்கு ஒரு அழைப்பு வந்தது. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே, மறுகையால் தாள்களை அடுக்கிக்கொண்டு, என்னைப் பாராமல் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். அவருடைய உச்சரிப்பு சாதாரண நேரத்திலேயே எனக்குச் சிரமம், வேகமாகச் சொன்னால் பாதி போய்விடும். அதை அதுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. 'மாத முடிவு' என்றொரு சொல் காதில் விழுந்தது, 'நீங்கள்' என்றொரு சொல் விழுந்தது. சொல்லி முடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"யெஸ், சேர்" என்றேன். சிரித்தும் வைத்தேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். பேரின்பம் நடையில் நின்றுவிட்டார்.

"கடைசியா என்ன சொன்னவர் டீச்சர்?"

"ஒண்டும் இல்ல பேரின்பம். பிரச்சினை இல்ல" என்றேன்.

அதைச் சொன்ன வாயைத் தைக்க வேண்டும் போல இருந்தது. விடியவே எழும்பி மினுக்கிய சட்டையோடு அந்த மனிதர் என்னை நம்பித் தலையாட்டினார். அவருடைய வீட்டில் நான்கு பேர் சாப்பிடுவது அந்தக் கடைசி இரண்டு மூன்று வாக்கியத்தில் தொங்குகிறது, அது என்ன என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்ல எனக்கு மானம் போகிறது. புளியந்தீவு, மிஷன் பள்ளிக்கூடம், டீச்சர் என்ற பெயர் எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துக்கொண்டு நின்றன. வகுப்பில் நான் நிற்கவைத்த அத்தனை பேருக்கும் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

பேரின்பத்தை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். முகாமையாளர் அப்போதுதான் தொலைபேசியை வைத்திருந்தார்.

"சேர், நீங்கள் கடைசியாகச் சொன்னது எனக்கு விளங்கவில்லை. மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். இருபத்தைந்து வருடம் இங்கிலீஷ் படிப்பித்த வாய்க்கு அந்தச் சின்ன வாக்கியம் எவ்வளவு பாரம் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பேரின்பம் இந்த மாத முடிவோடு நிற்க வேண்டும், அதை அவருக்கு நல்ல விதமாகச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதற்குத்தான் நான் சிரித்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அவர் உட்காரச் சொல்லவில்லை, நானாகவே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். இந்த ஹோட்டலில் விளங்கவில்லை என்று சொல்வதற்கு யாருக்கும் இடமில்லை, அந்த இடத்தை அடைத்தது நான், அடைக்கச் சொல்லிக் கேட்டது நீங்கள், அவரை நிறுத்தினால் நாளைக்கு இன்னொருவர் இன்னொரு பெட்டியை இதே சிரிப்போடு நீட்டுவார் என்றேன். முதல்நாள் நான் பத்து நிமிடம் பிந்தி வந்ததையும் சொன்னேன். நிறுத்துவதானால் என்னையும் சேர்த்து நிறுத்துங்கள் என்றேன். அரை மணித்தியாலம் வாதாடினோம். இடையில் இரண்டு தரம் அவர் வேகமாகப் பேசினார், இரண்டு தரமும் விளங்கவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்டேன். இரண்டாம் தரம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிவில், இரண்டு மாதம் விருந்தினர் முன்னால் வராமல் களஞ்சியத்தில் வேலை, அதன்பிறகு திரும்ப உணவு மண்டபத்துக்கு எடுக்கலாம், ஆனால் அவருக்குப் பொறுப்பு நான் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். வைத்தேன்.

வெளியே வந்தபோது பேரின்பம் நான் நிற்கச் சொன்ன அதே இடத்தில், சுவரில்கூடச் சாயாமல், நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மாத முடிவு, களஞ்சியம், இரண்டு மாதம், கையெழுத்து. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மற்றதையும் சொன்னேன். முதல் தரம் சேர் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை, விளங்காமலேதான் உங்களை நிறுத்துவதற்குச் சரி சொல்லிவிட்டு வந்தேன் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"உங்களுக்குமா டீச்சர் விளங்கல்ல?" என்றார்.

"ஓம் பேரின்பம். எனக்கும்தான் விளங்கல்ல."

அவர் அந்த நடையிலேயே, முகாமையாளரின் கதவுக்கு முன்னால், இரண்டு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளால் கண்ணைத் துடைத்தார்.